அப்பாலிக்கா என்றொரு சாமி கிடையாது

கல்லறைக்குள் போன பிறகும் என் காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் என் பிலோவுக்கு,

பழி வாங்கிவிட்டேன்டி. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு, முதலில் இதைக் கேள். உன்னுடைய ஏழு நோட்டும் இப்போது என் வீட்டு பீரோவில் இருக்கின்றன. பீரோவின் சாவி என் தாலிக்கொடியில் கோர்த்திருக்கிறது. உங்கண்ணன் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை.

இந்தக் கடிதத்தை நம் நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். அங்கிருந்து எங்கெல்லாம் போகுமோ போகட்டும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் உனக்கே சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

ராயபுரம் பிலோமினாவும் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு சங்கமித்ராவும் நர்ஸிங் படிப்பில் ஒரே பெஞ்சு. உன் வீட்டுச் சுவரில் மாதா, என் வீட்டுச் சுவரில் புத்தர். நோட்டு வாங்க உன் வீட்டுக்கு வந்துபோனதில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் உன் அண்ணன் கண்ணில் நான் பட்டேன். தோஸ்து அண்ணியானாள். ஆனாலும் கோபம் வந்தால் மட்டும்தான் நீ என்னை 'அண்ணி' என்பாய். "இன்னா அண்ணி, ரொம்ப ராங்கு காட்ற" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நான் காலி.

திருவொற்றியூர் ஆஸ்பத்திரியில் எனக்கு சர்ஜரி வார்டு, உனக்கு டயாலிசிஸ். அங்கேதான் தேசப்பன் நைனா வந்தார். காத்திவாக்கத்துக்காரர், நமக்கு அப்பா மாதிரி. வாரம் மூன்று முறை வந்து நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடப்பார். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னால் கேட்பதில்லை, ஒவ்வொரு முறையும் எடை ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். அவருடைய கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தார்கள். "ஏன் இவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். நீயும் கேட்டாய்.

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாராமே: "இன்னாம்மா, நின்னுகினே ஏன் ஏன்னு கேக்கற? நான் இன்னா திருடனா? குந்தும்மா மொதல்ல."

அடுத்த நாள் உங்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாய். நர்ஸ் உட்கார்ந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்று சூப்பர்வைசர் கத்தினார். நீ அந்த ஸ்டூலை எடுக்கவில்லை. நைனாவின் கட்டிலுக்கு அருகில் போட்டு உட்கார்ந்து, 'ஏன்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நம்ம ஊரில் கதை கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். "அப்பால?"

அப்புறம் என்ன ஆச்சு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். முதல் அப்பாலவுக்குத் தன் மருமகளைத் திட்டினார். இரண்டாவதற்கு எண்ணூர் ஆற்றில் சாம்பல் கலக்கிறது என்றார். நான்காவதோ ஐந்தாவதோ, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியும், ரகசியமாக ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் தடவ வேண்டும். வாயெல்லாம் உப்புத்தண்ணீர். கரையேறினால் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் இறங்கினால்தான் உயிர் வரும்.

"டயாலிசிஸ் ஊசி ஏத்துற கைய நைனா அந்தக் கலீஜ் தண்ணியில வுட்டுகினு கீறாரு மித்ரா, ஒருத்தருக்கும் தெரியல" என்று நீ சாயங்காலம் என்னிடம் வந்து நின்றது நினைவிருக்கிறது. அதன்பிறகு அவர் முதலில் பறியை இடுப்பில் கட்டினார், போகப்போக ஆற்றில் இறங்குவதையே விட்டுக் கரையில் நின்று மற்றவர்கள் பிடித்ததைத் தரம் பிரித்தார், தாகத்துக்கு ஐஸ் துண்டை வாயில் அடக்கினார். எடை இறங்கியது. அந்தச் சிவப்பு மை வரியை நீயே பச்சை மையில் அடித்தாய். அதற்கும் திட்டு வாங்கினாய்.

வெளிநாடுகளில் நர்ஸுகள் கதையும் உடம்பும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று கோட்பாடே எழுதியிருக்கிறார்கள் என்று நூலகத்தில் கண்டுபிடித்தது அந்த வருஷம்தானே? அன்றைக்கு உனக்குக் கால் தரையில் இல்லை. "நர்ஸுங்கடி! டாக்டருங்க இல்ல, நர்ஸுங்க! நாம மட்டும் இன்னா, பெட்ஷீட் மாத்தவா பொறந்தோம்?" என்று ராயபுரம் பாலத்து மேல் நின்று கத்தினாய். பார்ட் டைமில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாய். நோயாளிகளின் கதைகளை எழுதிய நோட்டுகள் ஒன்றிலிருந்து ஏழாயின.

அதில் நீ எழுதிய கோட்பாடு எனக்கு மனப்பாடம். 'ஏன்' என்று கேட்டால் நோயாளி குற்றவாளி ஆகிறார். 'அப்பால?' என்று கேட்டால் கதை சொல்கிறவர் ஆகிறார். இது நர்ஸின் வார்த்தை. நோயாளியின் வார்த்தை இன்னொன்று: அப்பாலிக்கா. 'அப்பாலிக்கா சொல்றேன்', பிறகு சொல்கிறேன் என்று ஒருவர் தள்ளிப்போடும் கதைதான் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொன்னவரிடம் அங்கேயே நாள் குறித்துக்கொண்டு, அந்த நாளில் போய்க் கட்டாயம் உட்கார வேண்டும். போகாவிட்டால் அந்தக் கதை இனி யாருக்கும் வராது. இவ்வளவுதான். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் என்பதால் சொல்லவில்லை, இதைவிடப் பெரியதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இனி அவள் விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆராய்ச்சி கைடு. நீ 'மேடம்' என்று வாய் நிறையச் சொன்னவள். பேரை எழுதி இந்தக் கடிதத்தைக் கலீஜ் பண்ண மாட்டேன். மரியாதை கொடுத்து எழுதவும் கை வரவில்லை. டெல்லியில் வளர்ந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அது ஒரு குற்றமே இல்லை, கேட்டிருந்தால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாய். வார்டுக்கு ஒரே ஒருநாள் வந்து, வாசலோடு நின்று, மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு திரும்பியவள்.

உன் கணையத்தில் கட்டி என்று தெரிந்ததும் நீ செய்த முதல் காரியம் அந்த ஏழு நோட்டையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். பத்திரமாக இருக்குமாம். ஐயோ பிலோ!

உன் நாற்பதாம் நாள் பூசை முடிந்து நானும் உங்கண்ணனும் நோட்டைக் கேட்டு அவளிடம் போனோம். எங்களை வராண்டாவில் உட்காரவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "எந்த நோட்டு? பிலோமினா என்கிட்ட எதையும் சப்மிட் பண்ணலையே. பாவம், உடம்பு முடியாம எங்கயாவது வச்சிருப்பாங்க" என்றாள். உங்கண்ணன் வீட்டுக்கு வந்து உன் துணிப்பெட்டியை மூன்று தடவை கொட்டிக் கவிழ்த்துத் தேடினார். உன் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டாள் பார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எட்டு மாதம் ஆயிற்று. நான் கேட்டு வாங்கிக்கொண்டு உன் டயாலிசிஸ் வார்டுக்கே மாறியிருந்தேன். ஒரு மத்தியானம் மாதவரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், லாரிச் சத்தத்துக்கு நடுவில் அவளிடமிருந்து போன் வருகிறது.

"மித்ராதானே? உங்க ஏரியா ஸ்லாங்ல சின்ன டவுட். ஒரு ஆர்ட்டிகிள் எழுதிட்டிருக்கேன். 'அப்பால்'னா எனக்குத் தெரியும், அந்தப் பக்கம், மறுமை, அந்த மாதிரி. இந்த 'அப்பாலிக்கா'ன்னு வருதே, அது யாரு?"

யாரு என்றாள்டி! என்ன என்று கேட்கவில்லை. கடைசியில் 'க்கா' என்று முடிவதைப் பார்த்து ஏதோ ஒரு அக்கா என்று நினைத்துவிட்டாள். நீயும் நோட்டில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் எழுதிவைக்கவில்லை, நமக்கு எதற்கு அர்த்தம்?

வார்டில் காலே வைக்காதவளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வரும்? நோட்டு அவள் மடியில் திறந்தே இருக்கிறது, அதிலிருந்துதான் படிக்கிறாள். 'திருடி' என்று கத்தியிருந்தால் போனை வைத்துவிட்டு எரித்திருப்பாள். அந்த 'யாரு'தான் எனக்கு வழி காட்டியது.

"அது எங்க பக்கத்து அம்மன், மேடம்" என்றேன்.

"ஓ! கோயில் இருக்கா?"

"செலையெல்லாம் கிடையாது மேடம். காத்திவாக்கத்துல ஒரு வேப்பமரம். மஞ்சக் கயிறு கட்டுவாங்க. வேண்டிக்கிட்டா உடனே குடுக்க மாட்டா, தள்ளிப்போட்டுத்தான் குடுப்பா."

"வெரி இன்ட்ரஸ்டிங். அதனாலதான் பேஷண்ட்ஸ் எல்லாரும் 'ஊசி அப்பாலிக்கா பாத்துக்கலாம்'னு சொல்றாங்களா?"

"ஆமா மேடம். அவ்ளோ நம்பிக்கை."

போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்து சிரித்தேன், அப்படியே அழுகையாகிவிட்டது. கொய்யாப்பழம் விற்கிற அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். வாழ்க்கையில் நான் விட்ட ஒரே கப்சா அதுதான். அதற்காக வெட்கப்படவில்லை, இப்போதும்.

புத்தகம் வந்தது. இங்கிலீஷில், கெட்டி அட்டையில், அவள் பேரில். நான் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். உன் ஸ்டூல் இருந்தது. குற்றவாளி, கதை சொல்கிறவர் இருந்தது. தேசப்பன் நைனாவின் பறியும் பல்லும் இருந்தன. நீ மட்டும் இல்லை, நன்றிப் பக்கத்தில்கூட இல்லை. மூன்றாவது அத்தியாயம் முழுக்க அப்பாலிக்கா அம்மன். நோயாளிகள் சிகிச்சையை மறுமைக்கும் தெய்வத்துக்கும் ஒப்படைத்துவிடுகிறார்களாம். உன்னுடைய கேள்விக்குறியைப் பிடுங்கிவிட்டு, அப்பாலவை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டாள்.

வெளியீட்டு விழாவுக்கு நான் தேசப்பன் நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "பிலோ கதையப் பத்திப் பேசுறாங்க, வா நைனா" என்று மட்டும்தான் சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டு, ஊசிக் கை தெரியாமல் முழுக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் உங்கண்ணன். பின்னால் பூராவும் நம்ம பக்கத்து நர்ஸிங் மாணவிகளும் ஆயாம்மாக்களும்.

திரையில் எங்கேயோ எடுத்த ஒரு வேப்பமரத்தின் படம் வந்தது. "அப்பாலிக்கா, வட சென்னை மக்களின் காத்திருப்பின் தெய்வம்" என்றாள். பின்வரிசையில் ஒரு ஆயாம்மாதான் முதலில் 'களுக்' என்றது. நைனா என் முழங்கையை இடித்தார்.

"இன்னாம்மா சொல்லுது இந்தம்மா? அப்பாலிக்கா சாமியா?"

"நீயே எழுந்து கேளு நைனா."

எழுந்தார். மைக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். "யம்மா! நான் காத்திவாக்கத்துலயே பொறந்து வளந்தவன். அப்பாலிக்கான்னா சாமி இல்லம்மா, அப்பாலிக்கான்னா அப்பறமா. சோறு அப்பாலிக்கா துன்னலாம், ஊசி அப்பாலிக்கா போட்டுக்கலாம். இதுக்குப் போய் யாரும்மா மரத்த நட்டது?"

அரங்கமே அதிர்ந்தது. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் பிலோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது களத்துல சரிபார்த்த தகவல். உங்க பகுதி நர்ஸ் ஒருத்தரே உறுதிப்படுத்தியிருக்காங்க."

இதற்காகத்தானே காத்திருந்தேன். எழுந்து நின்றேன். "அந்த நர்ஸ் நான்தான் மேடம். நான் உங்ககிட்ட சொன்னது பொய். ஆனா நீங்க போன் பண்ணிக் கேட்டது நிஜம். அந்த வார்த்தை உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"பேஷண்ட்ஸ்கிட்ட பேசினப்போ."

"எந்த பேஷண்ட்? ரெண்டாவது அத்தியாயத்துல பறியைப் பல்லால கவ்விக்கிட்டு இறால் தடவுற ஒருத்தர் வர்றாரே, இவரா?"

நைனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் குரல் இறங்கிவிட்டது. "என் கதையாம்மா அது? நீ எப்பம்மா என்னாண்ட வந்து குந்துன? நான் பிலோம்மா கையில சொன்னதும்மா அது. அதுதான் ஸ்டூல் போட்டுக் குந்திகினு, கேட்டுக் கேட்டு நோட்ல எழுதிகினு இருந்துச்சு."

"எந்த நோட்டு மேடம்?" என்றேன். அவள் எங்களிடம் கேட்ட அதே கேள்வி. மூன்றாவது வரிசையில் உங்கண்ணன் எழுந்து நின்றார்.

அப்புறம் விசாரணை, கமிட்டி. அவள் அறை அலமாரியிலிருந்து ஏழு நோட்டும் வந்தன. ஆறில் அட்டையில் உன் பேரை பிளேடால் சுரண்டியிருக்கிறாள். ஏழாவதில் உள்பக்கத்தில் நீ பென்சிலில் எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. 'பிலோமினா, ஸ்டாஃப் நர்ஸ், இதைக் கண்டெடுப்பவர் குந்திப் படிக்கவும்.' புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவள் நீண்ட விடுப்பில் இருக்கிறாள். கல்லூரியில் அவளுக்கு இப்போது என்ன பேர் தெரியுமா? அப்பாலிக்கா. ஆயுசுக்கும் இனி அதுதான் பேர். அவள் பேச்சு வந்தாலே மாணவிகள் கயிறு கட்டுகிற மாதிரி விரலைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருக்கிறது.

உங்கள் கோயில் ஃபாதர் மன்னிக்கச் சொன்னார். அப்பாலிக்கா பார்க்கலாம் ஃபாதர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. போன மாதம் வார்டில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். மாதவரம் பால் காலனிக்காரி, அவளுடைய அம்மாவுக்கு டயாலிசிஸ். கைப்பையில் ஒரு மஞ்சள் கயிறு.

"சிஸ்டர், அந்த அப்பாலிக்கா கோயிலு எங்க கீது? பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு ஒண்ணு ஏதோ இங்கிலீஷ் புக்குல பாத்துட்டு வந்து, அந்த சாமிய கும்பிடுவீங்களான்னு அம்மாவக் கேட்டுச்சு. பேரக் கேட்டதும் சிரிச்சேன் சிஸ்டர். அப்பால யோசிச்சேன். லேட்டாவாவது குடுக்கற சாமி ஒண்ணு கீதுன்னா நமக்குத் தேவலதானேன்னு."

உன் கைடைக் குத்த நான் வைத்த முள், நடந்துபோன இவள் காலில் ஏறியிருக்கிறது. நீயாயிருந்தால் 'இன்னா அண்ணி' என்று ஆரம்பித்திருப்பாய். கையில் இருந்த ட்ரேயை வைத்தேன். உன் சிவப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கோயில் இல்லம்மா. அது நான் வுட்ட கப்சா. ஒருத்திய மாட்டிவுடச் சொன்னது, உன்னாண்ட வந்து சேரும்னு நெனைக்கல. மன்னிச்சிக்கோ."

அவள் கயிற்றைத் திரும்பப் பையில் வைத்து ஜிப்பை மூடினாள். எதற்காக அந்தக் கயிறு என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கினேன். "அப்பால?" என்றேன்.

அம்மாவின் சர்க்கரை பற்றிச் சொன்னாள். அப்பால? தம்பி வந்து பார்ப்பதே இல்லை என்றாள். அப்பால? வெகு நேரம் கழித்து என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் கிட்னி பொருந்துதுன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். எனக்கு பயமா கீது. அம்மா கையில சொல்ல முடியல. சாமி வேற வழி காட்டும்னு தள்ளிகினே வர்றேன்." யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேர் போடாமல் எழுதவும் இந்தக் கடிதத்தில் சொல்லவும் அவள் அனுமதி கொடுத்த பிறகுதான் அதை எழுதிவைத்திருக்கிறேன். அது எட்டாவது நோட்டு.

அன்றைக்கு அவள் போன பிறகும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். உன்னுடைய கடைசி நாள் காலைப்பொழுது நினைவு வந்துவிட்டது. டூட்டிக்குக் கிளம்பி, தோளில் பையோடு உன் கட்டிலருகில் நின்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாய். நான் நின்றுகொண்டே கேட்டேன்: "ஏன்டி அழுவற?" ஏன் என்று கேட்டேன்டி, உன்னிடமே! "அப்பாலிக்கா சொல்றேன், போ, உனக்கு லேட்டாவுது" என்றாய். நான் நாள் குறிக்கவில்லை, நேரம் குறிக்கவில்லை. சாயங்காலம் வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. நோட்டை அவளிடம் கொடுத்தது தப்பு என்று உனக்குத் தெரிந்துவிட்டதா? அதைத்தான் சொல்ல வந்தாயா? இல்லை, வேறு ஏதாவதா? அவளை நான் இவ்வளவு வெறியோடு துரத்தியதில், அன்றைக்கு நின்றுகொண்டே கேட்ட இந்தக் கழுதையை அடிக்க முடியாத ஆத்திரமும் கலந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது.

அதற்காக அவளை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. உன் புத்தகம் தமிழிலேயே வரும். அட்டையில் உன் பேர் மட்டும்தான் இருக்கும், பக்கத்தில் யாருக்கும் இடம் கிடையாது. தலைப்பு 'அப்பால?' கேள்விக்குறியோடு. முதல் பிரதியை அவள் வீட்டு வாசலுக்கு நானும் நைனாவும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை அங்கேயே குந்தியிருப்போம்.

அப்புறம் கல்லறைத் திருநாள் வருகிறது. மெழுகுவர்த்தியும் பூவும் உங்கண்ணன் கொண்டுவருவார். நான் அந்தச் சிவப்பு ஸ்டூலைக் கொண்டுவருவேன், ஷேர் ஆட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு. இந்தத் தடவை நாள் குறித்துவிட்டேன், டூட்டிக்கு லீவும் சொல்லிவிட்டேன். உன் தலைமாட்டில் குந்திக்கொண்டு, நீ தள்ளிப்போட்டது வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்பால?

உன் தோஸ்து,
நீ கோபத்தில் மட்டுமே கூப்பிட்ட உன் அண்ணி,
மித்ரா